அறிக்கையை வாசித்துச் சொல்ல ஓர் ஆள்

பள்ளித் தவணை இவ்வாண்டு மீண்டும் ஜனவரிக்கே திரும்பியிருக்கிறது. 2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, கெடா தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காலடி வைத்தனர். சென்ற ஆண்டு அந்த நாள் பிப்ரவரி 16. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் மார்ச். தேதியே இப்படி மாறும்போது, தகவல் ஒழுங்காக வீடு சேர வேண்டும்.

இப்போது அறிக்கைகள் புலனக் குழுக்களில் வருகின்றன; சில மலாயில் மட்டுமே. பீடோங், பாடாங் செராய் தோட்டப்புறங்களில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டிக்கு அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். இல்லையேல் அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகையை வாங்க வரவேண்டிய நாளும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமும் தெரியாமலே போய்விடும்.

சுங்கை பட்டாணி, கூலிமிலிருந்து பினாங்குக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு ஞாயிறு விடுமுறை. கெடாவிலோ அது பள்ளி நாள். அதை வசதியாகவே நான் பார்க்கிறேன். வேலைக்கு விடுப்பு எடுக்காமல் ஆசிரியரைச் சந்திக்கலாம். பள்ளிகளும் சந்திப்புகளை ஞாயிறன்று வைக்கலாம். அறிக்கையோடு தமிழில் நான்கு வரி சேர்க்கலாம்.

இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் உங்களுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. வாரம் ஒருமுறை தம்பி தங்கையின் பள்ளி அறிக்கைகளை வீட்டில் வாசித்துச் சொல்லுங்கள். தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளியூரில் இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்தே சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பிள்ளைக்கு ஓராண்டுத் துணை.