சிவப்பு விமானமும் நம் பிள்ளைகளின் பேச்சுப்போட்டியும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் ஒரு வாரமாக ஒரே வீடியோதான். முதல் உலகப்போரில் சிவப்பு விமானத்தில் பறந்த ஜெர்மானியர் மான்ஃபிரட் ஃபான் ரிக்டோஃபென்னின் கதை. தலைப்பு 'ரெட் பேரன்'. (யாருடைய பேரன் என்று வீட்டில் கேட்டார்கள். பிரபு என்று விளக்கினேன்.) 80 விமானங்களை வீழ்த்தினார், அந்தக் காலத்து யுத்தத்தில் தர்மம் இருந்தது, வானத்தில் நேருக்கு நேர் மோதினார்கள் என்று பின்னணிக் குரல் தழுதழுக்கிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒரு மாணவர், தன் மகனை இதையே பள்ளிப் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்வதாக எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு, வரலாறு நடத்திய எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் படைப்பிரிவுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயரே 'யாக்ட்ஷ்டாஃபெல்', சுருக்கமாக 'யாஸ்டா'. யாக்ட் என்றால் வேட்டை. அவர்களே வேட்டைப் பிரிவு என்றுதான் சொன்னார்கள். தர்மயுத்தம் என்பது நாம் ஒட்டிய லேபிள்.

இந்த வேட்டை எதற்காக வந்தது என்று அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. கேமராவுக்காக வந்தது. 1915 மார்ச்சில் பிரான்சின் நவ் ஷப்பேலில் நம் கட்வாலிகளும் கூர்க்காக்களும் பதுங்குகுழிகளை நோக்கி ஓடினார்களே, அந்தத் தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் குழிகளை வானிலிருந்து படமெடுத்து வரைபடமாக்கியிருந்தன. மேலே இருந்து ஒருவன் படம் எடுத்தால் கீழே பீரங்கி குறி தப்பாது. ஆகவே படம் எடுப்பவனை வீழ்த்த வேண்டும். 1915 நடுவிலேயே சுழலும் விசிறியின் இடைவெளியில் சுடும் துப்பாக்கியோடு ஃபோக்கர் விமானம் வந்துவிட்டது. 1916 ஆகஸ்டில் ஓஸ்வால்ட் போல்க்கே என்ற 25 வயது அதிகாரியின் கீழ் யாஸ்டா 2 அமைந்தது. செப்டம்பர் 17 அன்று அதில் பறந்துதான் ரிக்டோஃபென் தன் முதல் விமானத்தை வீழ்த்தினார்.

போல்க்கே தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளைப் பாருங்கள். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மேலிருந்து இறங்கு. பின்புறமாகப் போ. மிக நெருங்கிய பிறகே சுடு. கூட்டமாகத் தாக்கு. இதில் நேருக்கு நேர் எங்கே வருகிறது? போல்க்கேயைக் குறை சொல்லவில்லை. அவர் செய்தது போர், புத்திசாலித்தனமாகச் செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 28-ல் தன் சொந்தப் பிரிவுத் தோழனின் விமானம் உரசி விழுந்து இறந்தார். அதற்குள் அவர் கணக்கில் 40.

ரிக்டோஃபென்னின் 80-ல் பாதிக்கு மேல் இரண்டு பேர் உட்காரும் விமானங்கள். பெரும்பாலும் படம் எடுக்கவும் பீரங்கிக்குக் குறி சொல்லவும் வந்த மந்தமான வண்டிகள். 1917 ஏப்ரலில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பு சுமார் 245 விமானங்களை இழந்தது. அதில் 21 இவர் ஒருவர் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பெர்லின் நகைக்கடையில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை செய்யச் சொல்லி, எண்ணும் தேதியும் விமான வகையும் பொறித்து வைத்துக்கொண்டார். 60 கோப்பைகள் சேர்ந்த பிறகு ஜெர்மனியில் வெள்ளித் தட்டுப்பாடு, நின்றுபோயிற்று. இந்தக் கோப்பைக் கதையை வீடியோக்காரர் ஏன் விட்டுவிட்டார்?

ஜெர்மானியர்மேல் எனக்குக் காழ்ப்பு எதுவும் இல்லை. சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் போர் வந்ததும் லைப்சிக் மிஷன் பாதிரியார்களை ஆங்கிலேய அரசு அப்புறப்படுத்தியது, அவர்கள் வேலையை ஸ்வீடன்காரர்கள் ஏற்று நடத்தினார்கள். 'அவன் ஒரு எம்டன்' என்று நாம் சொல்வதும் 1914-ல் சென்னையில் குண்டு போட்ட அந்தக் கப்பலால்தான். என் சண்டை இந்தக் கதையைப் பயன்படுத்தியவர்களோடு.

ரிக்டோஃபென் 1918 ஏப்ரல் 21-ல் இறந்தார். சில மாதங்களில் அவருடைய படையணிக்குத் தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? ஹெர்மன் கோரிங். ஆமாம், பிற்காலத்தில் ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் நின்ற அதே ஆள். நாஜிகள் புதிய விமானப்படைப் பிரிவுக்கு ரிக்டோஃபென் பெயரைச் சூட்டினார்கள். அதே நாஜிகள் வில்ஹெல்ம் ஃபிராங்கல் என்ற பெயரை வீரர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அவர் யாஸ்டா 4-ன் தலைவர், 20 விமானங்களை வீழ்த்தியவர், நாட்டின் உயர்ந்த போர் விருது பெற்றவர், 1917 ஏப்ரலில் சண்டையில் விமானம் உடைந்து செத்தவர். செய்த குற்றம் யூதராகப் பிறந்தது. கிறிஸ்தவராக மாறியிருந்தும் விடவில்லை. 1973-ல்தான் மேற்கு ஜெர்மன் விமானப்படை நொய்பர்க் முகாமுக்கு அவர் பெயரை வைத்தது. மாவீரர் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர்கள் வருகின்றன, போகின்றன. பேச்சுப்போட்டிக்கு இதை எழுதிக்கொடுங்கள் தம்பி, நான் திருத்தித் தருகிறேன்.

'அப்படியானால் நம்ம இந்திரலால் ராயைப் போடலாமா சார்?' என்று கேட்பீர்கள். தாராளமாக. ஆனால் 'நம்ம ஊர் ரெட் பேரன்' என்று ஆரம்பித்தால் மதிப்பெண் கிடையாது. கொல்கத்தாவில் 1898-ல் பிறந்த பிள்ளை. 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. அந்தப் பத்தில் பகிர்ந்துகொண்டவையும் உண்டு, 'கட்டுப்பாடு இழந்து இறங்கியது' என்று மட்டும் குறித்தவையும் உண்டு. பத்து என்ற எண் அவ்வளவு கறாரானது இல்லை. ஜூலை 22-ல் கார்வான் ஊருக்கு மேல் யாஸ்டா 29-ன் விமானங்களோடு சண்டை. தீப்பிடித்து விழுந்தார். ஜெர்மன் விமானிகளுக்கு அந்த ஆண்டில் பாராசூட் வந்துவிட்டது. பிரிட்டிஷ் சண்டை விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. வயது 19. நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையனின் வயது.

அதே போரில் ஹர்தித் சிங் மாலிக்குக்கு ஆக்ஸ்ஃபோர்டில் படித்திருந்தும் முதலில் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்டது. அவருடைய பேராசிரியர் கடிதம் எழுதிய பிறகே இடம் கிடைத்தது. 1917 அக்டோபரில் காலில் குண்டோடு தரையிறங்கினார், விமானத்தில் நானூறுக்கு மேல் துளைகள். வெலிங்கர் என்ற பம்பாய்க்காரர் சிறைப்பட்டு ஜெர்மானியர் கையில் இறந்தார். இவர்களுக்கெல்லாம் யாரும் வீடியோ போடுவதில்லை. எண்ணிக்கை போதவில்லை போலிருக்கிறது.

2025 மே மாதம் எல்லையில் நாலு நாள் சண்டை நடந்தபோது இதே குழுவில் 'எத்தனை விழுந்தது, அவனுக்கு எத்தனை, நமக்கு எத்தனை' என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தது யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. பெயர் சொல்லவில்லை. பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரைக்கால் பக்கத்திலிருந்து போய்ப் பாரீஸில் குடியேறிய மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். லென்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் எஸ்தவெல் என்ற சிற்றூர். அங்கே ஊர்ப் பொதுக் கல்லறையில் ராய் இருக்கிறார். நவ் ஷப்பேலின் இந்திய நினைவுச்சின்னமும் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். சுவரில் உள்ள பெயர்கள் படிக்கிற மாதிரி, கிட்டத்தில் போய் எடுங்கள்.