திரையின் வெளிச்சத்தைப் பார்ப்பவர் கையில் கொடுங்கள்

கல்வி அமைச்சின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

கட்டடம் கேட்டும் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பக் கேட்டும் வலப்பனைப் பக்கமிருந்து உங்களுக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவிருக்காது. இந்தக் கடிதம் அரசுக்கு அதிகச் செலவில்லாத ஒரு காரியத்தைக் கேட்கிறது. பாடசாலைகளுக்கு வழங்கப்படும் மடிக்கணினிகளின் திரை தன்பாட்டில் மங்குகிறது, தன்பாட்டில் பளிச்சிடுகிறது. அதை நிறுத்திவைக்கும் உரிமையைக் கணினியைப் பாவிக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

சீரான வெளிச்சமுள்ள அலுவலக அறையில் வேலை செய்பவருக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். எங்கள் ஊரின் வெளிச்சம் வேறு மாதிரி. வலப்பனை மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இராகலை, உடப்புசல்லாவப் பக்கம் வறண்ட காற்றும் கண்ணைக் கூசவைக்கும் வெயிலும். உடப்புசல்லாவத் தேயிலைக்கு மணம் கொடுப்பதும் அந்தப் பருவம்தான். ஆண்டுக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் மழையும் பனிமூட்டமும். மூட்டம் ஜன்னலை அடைக்கும், கொஞ்சம் விலகி வெயில் அடிக்கும், மறுபடி அடைக்கும். ஒரே பாடவேளைக்குள் அறையின் வெளிச்சம் பலமுறை மாறும். எங்கள் கண்கள் இதற்குப் பழகிவிட்டன. கணினிதான் பழகவில்லை.

திரையின் மேல் விளிம்பில், கமராவுக்குப் பக்கத்தில், சில கணினிகளில் ஒரு சின்ன சென்சர் இருக்கும். தன்மேல் விழும் வெளிச்சத்தை அளந்து, அறை இருட்டானால் திரையை மங்கவைப்பதும் அறை வெளிச்சமானால் திரையைப் பிரகாசமாக்குவதும் அதன் வேலை. ஒருவர் ஒரு கணினி முன்னால் தனியாக உட்காருவார் என்ற கணக்கில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. தோட்டப் பாடசாலையில் ஒரு கணினியைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் நிற்பார்கள். ஆளுக்கு ஆள் தலையை நீட்டிப் பார்க்கும்போது அவர்களுடைய நிழல் சென்சரை மறைக்கிறது. அறை இருட்டிவிட்டது என்று முடிவு கட்டி அது வெளிச்சத்தைக் குறைக்கிறது. அதிகம் பேர் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் திரை மங்குகிறது. சரியாகத் தெரியவில்லை என்று பிள்ளைகள் இன்னும் நெருங்குகிறார்கள், திரை இன்னும் மங்குகிறது.

"டீச்சர், ஸ்கிரீன் செத்துப் போச்சு" என்று ஒரு குரல் வரும். மௌஸைப் பிடித்திருந்த பிள்ளை கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்று பின்னால் நகர்ந்துவிடும். பாடசாலைச் சாமான் ஒன்று உடைந்தால் வீட்டில் யார் காசு கட்டுவது என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாடவேளை முடியும்வரை அது கணினியைத் தொடாது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைச் சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கும் மாணவருக்கு, கையில் மௌஸ் கிடைக்கும் நிமிடங்கள் எத்தனை அருமையானவை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சென்சர் இல்லாத கணினிகளும் இப்படிச் செய்கின்றன. அதுதான் ஆசிரியர்களையே குழப்புவது. திரையில் உள்ள படம் கறுப்பா வெள்ளையா என்று கணினியே கணக்குப் பார்க்கும். இருண்ட படமானால் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கைக் குறைத்துவிட்டு, அதை ஈடுகட்டப் படத்தின் நிறங்களைச் சற்றுத் தூக்கிவிடும். மின்சாரம் மிச்சமாகும், வித்தியாசம் தெரியாது என்பது கணக்கு. சினிமா பார்ப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதிக் காட்டிவிட்டு அடுத்ததாக வெள்ளைப் பக்கத்தைத் திறக்கும் ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும். பக்கம் முதலில் சாம்பலாக வந்து, பிறகு மெல்ல மெல்ல வெளுக்கும். படத்துக்கு நிறம் தெரிவுசெய்யும் பாடத்தில் நிலைமை இன்னும் மோசம். பின்னணியை மாற்றியதும் பிள்ளை தெரிவுசெய்த நிறமே வேறாகத் தெரிகிறது. தான் செய்தது சரியா பிழையா என்று அதற்கு விளங்குவதில்லை.

மூன்றாவது, பெட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. விண்டோஸ் 10இல் பெட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் அது தானாக இயங்கித் திரை வெளிச்சத்தைக் குறைக்கும். இதை நான் குறை சொல்லமாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அன்றைக்குப் பெட்டரியில் மிஞ்சிய ஒவ்வொரு நிமிடமும் பொன்தான். கரண்ட் இல்லாதபோது மங்கலான திரையும் நல்ல திரைதான். சார்ஜர் குத்தியிருக்கும்போது, பட்டப்பகலில், வகுப்பின் நடுவில் எங்களைக் கேட்காமல் அணைவதும் எரிவதும்தான் பிரச்சினை.

இது புதிய வித்தையும் இல்லை. அப்பிள் நிறுவனம் 2003இலேயே தன் மடிக்கணினியில் வெளிச்சத்தை அளக்கும் சென்சரை வைத்தது. விண்டோஸ் 7 வழியாக 2009இல் அது மற்றக் கணினிகளுக்கும் பரவியது. ஒரு பெட்டரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதைக் காட்டித்தான் கணினிகள் விற்கப்படுகின்றன. பெட்டரியை அதிகம் தின்பவற்றில் திரை விளக்கும் ஒன்று. ஆகவே விளக்கைக் குறைப்பதில் உற்பத்தியாளருக்கு ஆதாயம் உண்டு. கைத்தொலைபேசியில் இந்த அவஸ்தை இப்போது குறைவு. 2018இல் வந்த அண்ட்ரொய்ட் 9 முதல், நாம் வெளிச்சத்தை மாற்றும்போதெல்லாம் நம் விருப்பத்தை அது கற்றுக்கொள்கிறது. எங்கள் பாடசாலைக் கணினிக்கு அந்தப் புத்தி இல்லை. நாங்கள் கூட்டி வைத்தால் அடுத்த மூட்டத்துக்கு அது குறைத்து வைக்கும்.

நிறுத்திவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சென்சருக்குரிய தெரிவு விண்டோஸின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்து மங்குவதற்கான தெரிவு சில கணினிகளில் அங்கேயே இருக்கும். சிலவற்றில் திரைச் சிப்புக்கென்று உள்ள தனிச் செயலிக்குள் ஒளிந்திருக்கும். அந்தச் செயலி கணினியில் இல்லாவிட்டால் இணையத்தில் இறக்க வேண்டும். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கும் ஊரில் அதுவே ஒரு நாள் வேலை. இறக்கிய பிறகு நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது பாடசாலையில் யாருக்கும் தெரியாது. லயத்து வீட்டு பல்புக்குச் சுவிட்சைக் கொண்டுபோய் துரை பங்களாவில் வைத்தால் எப்படியிருக்கும்? எங்கள் நிலைமை அதுதான்.

ஆகவே நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இனிக் கணினிக்கு விலைமனு கோரும்போது விவரக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: திரை வெளிச்சத்தைத் தானாக மாற்றும் ஒவ்வொரு வசதியையும் பாவிப்பவர் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கணினிகளைத் தயார்செய்து பாடசாலைகளுக்கு அனுப்பும்போதே, பெட்டரி மிச்சம் பிடிப்பதைத் தவிர்ந்த மற்ற இரண்டையும் நிறுத்தி அனுப்புங்கள். வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நிருவாகி கடவுச்சொல் மூடிய உறையில் அதிபரிடம் இருக்கட்டும். கணினிக்குப் பொறுப்பான ஆசிரியர் கையொப்பமிட்டு எடுக்கலாம் என்று ஒரு சுற்றுநிருபம் போதும்.

நான்காவது, வெளிச்சத்தை எங்கே, எப்படி மாற்றுவது என்று படத்துடன் ஒரு பக்கக் குறிப்பைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டுக் கணினியோடு அனுப்புங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. கணினிப் பெட்டிக்குள் வரும் தாள் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது.

திரை மங்கினால் கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. பிள்ளைகளின் கற்கும் நேரம் கெடுகிறது. அதைவிட, ஒரு கருவி பிடிக்காத காரியத்தைச் செய்தால் பொறுத்துக்கொண்டு போவதுதான் வழி என்று அவர்கள் பழகிவிடுகிறார்கள். கணினியை ஆளக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் பாடம். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும்கூட விடாத கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை நடத்த முடியாது. அடுத்த தொகுதிக் கணினிகளுக்கான விவரக்குறிப்பு உங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கையொப்பமிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலப்பனைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை