சதவீதம் மட்டும் போதாது!

ரிசல்ட் வருகிற அன்று புதுவையில் டீக்கடை முதல் ஆபீஸ் வரை ஒரே கேள்விதான். "கவர்மெண்ட் ஸ்கூல் எத்தனை பர்சண்ட்?"

அந்த ஒரு நம்பரை வைத்தே வாத்தியாரையும் பிள்ளைகளையும் திட்டித் தீர்க்கிறார்கள்.

இது நியாயமா?

புதுவைக்குச் சொந்தமாகத் தேர்வு வாரியம் கிடையாது. இங்கும் காரைக்காலிலும் அரசு பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்தைத்தான் நடத்தி வந்தன. 2023-ல் சி.பி.எஸ்.இ. வந்தது. 2025-ல் 10, 12-ம் வகுப்பு மாணவ-மாணவிகள் முதன்முறையாக அந்தப் பரீட்சையை எழுதினார்கள்.

10-ம் வகுப்பு வரை ஒரு பாடம். பிளஸ்-2 பரீட்சை வேறு பாடத்தில்! கேள்வியில் ஏறக்குறைய பாதி, மனப்பாடம் செய்தால் வராது. யோசித்து எழுத வேண்டும்.

எழுதுகிற பிள்ளைகள் யார்?

பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். வயல் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் இங்கிலீஷ் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. டியூசனுக்குப் பணம் இல்லை.

மருத்துவப் படிப்பில் அரசு பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு 2023-ல் வந்தது. போட்டி சமமாக இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

சதவீதம்தான் சாமி என்றால் என்ன ஆகும்? மார்க் குறைந்த பையனை 9-ம் வகுப்பிலேயே நிறுத்தத் தோன்றும். "டி.சி. வாங்கிக்கிட்டுப் போ" என்று சொல்லத் தோன்றும். சதவீதம் ஏறும். பையன் செங்கல் சூளைக்குப் போவான்!

ஆகவே ரிசல்ட்டோடு இன்னொரு கணக்கும் வர வேண்டும். 9-ம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே? கொம்யூன் வாரியாக, பள்ளி வாரியாகச் சொல்ல வேண்டும்.

கணக்கு, அறிவியல் வாத்தியார் இடம் காலியானால் பள்ளி திறக்கிற அன்றே ஆள் போட வேண்டும். மாலை வகுப்பு வைத்தால், முடிந்து வீடு திரும்ப பஸ்ஸும் விட வேண்டும்.

1,100 வருடத்துக்கு முன்பே பாகூர் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதி வைத்ததாகப் பல்லவர் காலச் செப்பேடு சொல்கிறது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று மூன்று ஊர் வேண்டாம். ஒரு கணக்கு வாத்தியார் போதும்!