ஆடுதளமும் தனிமனித வழிபாடும்: டி.ஜே. கலை பற்றிய இரு தவறான வாதங்கள்

கலை பற்றிய சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவரும் மயக்கங்களுள் ஒன்று, கலைஞனை அவனை உருவாக்கிய மக்களிடமிருந்து பிரித்தெடுத்து நோக்கும் மயக்கமாகும். இரவு விடுதிகளில் இசைத்தட்டுகளை இயக்கி மக்களை ஆடச்செய்யும் டி.ஜே. பற்றி இன்று வழங்கும் இரு கருத்துகளிலும் இம்மயக்கம் தெளிவாகப் புலப்படுகின்றது. டி.ஜே. கலைஞனே அல்லன், பிறர் படைத்த இசையை ஒலிக்கச்செய்யும் வெறும் இயக்குநனே என்பது முதலாவது கருத்து. அவன் தனிப்பெரும் மேதை, பல்லாயிரம் பேரைத் தன் விரல் அசைவால் ஆட்டுவிப்பவன் என்பது இரண்டாவது. முன்னையதைப் பண்டிதர் கூறுவர். பின்னையதைச் சந்தை கூறும். இவை எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. கலை என்பது தனியொருவனின் உடைமை என்ற நம்பிக்கையே அத்தாய்.

இவ்விரு கருத்துகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல், ‘ஹவுஸ்’ இசையின் முன்னோடியாகப் போற்றப்படும் பிராங்கி நக்கிள்ஸின் தொழில்வாழ்வாகும். 1955இல் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிற் பிறந்த கறுப்பினத்தவரான இவர், புடைவை வடிவமைப்புப் பயின்றவர். எழுபதுகளின் முற்பகுதியில் நண்பர் லறி லெவனுடன் சேர்ந்து அந்நகர விடுதிகளில் இத்தொழிலைக் கற்றார். 1977இல், சிக்காகோவின் தெற்கு ஜெபர்சன் வீதியில் 206ஆம் இலக்கக் கட்டிடத்தில் இயங்கிய ‘வெயார்ஹவுஸ்’ விடுதியின் டி.ஜே. ஆனார். அங்கு கூடியோருட் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அவர்களுள்ளும் தன்பாலீர்ப்புடையோரே மிகுதி. நிறத்தின் பெயராலும் விருப்பத்தின் பெயராலும் இருமுறை ஒதுக்கப்பட்டோர் அச்சமின்றி ஒன்றுகூடத்தக்க இடங்கள் அந்நகரில் அரிதாகவே இருந்தன. அவ்விடுதிப் பெயரின் பிற்பாதியே பின்னர் ஓர் இசைவகையின் பெயராயிற்று.

அவ்விசை எவ்வாறு பிறந்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் முதலாவது கருத்தை மறுக்க முடியாது. 1979 யூலை 12ஆந் திகதி, சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் இரு பேஸ்போல் ஆட்டங்களுக்கிடையே, ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்தோருக்கு அனுமதிக் கட்டணம் 98 சதம் மட்டுமே. கூட்டம் மைதானத்துட் புகுந்தது. இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. அங்கு ஊழியராகக் கடமையாற்றிய வின்ஸ் லோறன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், குவிக்கப்பட்டவற்றுட் பல டிஸ்கோ தட்டுகளே அல்ல, கறுப்பினக் கலைஞரின் பிற தட்டுகள் என்பதைப் பின்னர் எடுத்துரைத்துள்ளார். இசை விமர்சனம் என்ற போர்வையில் எது எரிந்தது என்பதை இக்கூற்று உணர்த்துகின்றது. அதே வின்ஸ் லோறன்ஸ், முதல் ஹவுஸ் இசைத்தட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படும் ‘ஒன் அண்ட் ஒன்’ என்பதை 1984இல் ஜெசி சோண்டர்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நிகழ்வையடுத்துப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிடலாயின. ஆடுதளமோ புதிய ஒலியை வேண்டி நின்றது. இத்தேவையே நக்கிள்ஸை வெறும் இயக்குநர் என்ற நிலையினின்றும் ஆக்குநர் என்ற நிலைக்கு உந்தியது. ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் பழைய பாடல்களின் தாளப் பகுதிகளை நீட்டினார். ஆட்டம் உச்சங்கொள்ளும் இடத்தைத் தள்ளிவைத்தார். இரு தட்டுகளின் வேகத்தை ஒன்றோடொன்று பொருத்தி, முடிவில்லாத ஓர் ஓட்டமாக இரவை அமைத்தார். 1982இல் வெயார்ஹவுஸை விட்டு நீங்கிப் ‘பவர் பிளான்ட்’ என்ற விடுதியை நிறுவிய பின், றோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-909 என்ற தாளக் கருவியையும் தட்டுகளோடு சேர்த்து இயக்கினார். இதனை ‘பிறர் இசையை ஒலிக்கவிடல்’ என்று சொல்வது, தறியில் இருப்பவனை நோக்கி, நூல் நீ நூற்றதன்று, ஆகவே துணி உன்னுடையதன்று என்று சொல்வதற்கு ஒப்பானது.

கருவிகளின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அதே நிறுவனம் தாழ்சுருதிக் கித்தாருக்குப் பதிலீடாக வெளியிட்ட டி.பி.-303 என்ற கருவி விற்பனையிற் படுதோல்வியடைந்து 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அக்கருவியைச் சிக்காகோவின் இளைஞர் மூவர், அதனை ஆக்கியோர் கருதியிராத முறையில் முறுக்கி, ‘அசிட் ட்றக்ஸ்’ என்ற இசையைப் படைத்தனர். ‘பியூச்சர்’ என்ற பெயரில் இயங்கிய அவர்கள் அதன் ஒலிநாடாவை ‘மியூசிக் பொக்ஸ்’ விடுதியின் டி.ஜே. றொன் ஹார்டியிடம் கொடுத்தனர். முதன்முறை ஒலித்தபோது ஆடுதளம் வெறிச்சோடியது என்றும், ஹார்டி அதே இரவில் மீண்டும் மீண்டும் இயக்க, நான்காம் முறையிற் கூட்டம் கொந்தளித்தது என்றும் அவர்கள் கூறியுள்ளனர். 1987இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. கருவியைச் செய்தவன் ஒருவன். அதைத் திரித்தவர் மூவர். அதில் நம்பிக்கை வைத்தவன் ஒருவன். ஏற்பதா தள்ளுவதா என்று காலால் தீர்ப்பளித்தவர் நூற்றுக்கணக்கானோர். இவர்களுள் யார் அக்கலையின் தனியுரிமையாளர்?

‘ஒரே தாளம் திரும்பத் திரும்ப ஒலிப்பது கலையாகுமா?’ என்பது பண்டிதர் தொடுக்கும் இறுதி அம்பு. இருந்த இடத்தில் அசையாதிருந்து கேட்போனுக்கு அது சலிப்பூட்டலாம். ஆயின் அவ்விசை இருந்து கேட்போனுக்காக ஆக்கப்பட்டதன்று. பயன்பாட்டினின்றும் பிரித்து ஒரு கலையை அளப்பது, குழந்தையின்றித் தாலாட்டை மதிப்பிடுவது போன்றதே. இத்தகைய அளவுகோல் வெறும் இரசனை வேறுபாடாக நின்றுவிடுவதுமில்லை. 1994இல் பிரித்தானிய அரசு நிறைவேற்றிய குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம், இரவில் திறந்தவெளியில் நிகழும் இசைக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளித்தபோது, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளையே அவ்விசையின் அடையாளமாக வரையறுத்தது. பண்டிதரின் முகச்சுளிப்பு பாராளுமன்றத்தில் சட்டமாயிற்று.

இனி இரண்டாவது கருத்து. டி.ஜே.யைத் தனிமேதையாக்கும் சந்தை, அவனைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அவனைச் சூழ்ந்தோரின் உழைப்பை மறைக்கின்றது. இதற்கு நக்கிள்ஸின் பெயரே சான்று. ‘யுவர் லவ்’ என்ற புகழ்பெற்ற பாடல் ஜேமி பிறின்சிப்பல் என்பவரின் ஆக்கமாகவும் குரலாகவும் தோன்றியது. எனினும் 1987இல் ‘ட்றக்ஸ்’ நிறுவனம் அதனை வெளியிட்டபோது தட்டின்மேல் நின்ற பெயர் பிராங்கி நக்கிள்ஸ். ஒதுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்த கலைஞனின் பெயர்கூடச் சந்தையின் கையில் இன்னொரு கலைஞனை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. 1987 சனவரியில் ஸ்டீவ் ஹேர்லியின் ‘ஜக் யுவர் பொடி’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயின் புகழ் சென்ற வேகத்திற் பொருள் படைத்தோரைச் சேரவில்லை. லறி ஹேர்ட், றொபேட் ஓவன்ஸ் ஆகியோர் தம் பாடல்களின் உரிமைக்காக அதே நிறுவனத்தின்மீது 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல் இணக்கத்தின்மூலம் அவ்வுரிமையை மீளப்பெற்றனர். இடையிற் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகள்.

2014ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இம்முரண்பாடு தெளிவாகும். அவ்வாண்டு ‘போர்ப்ஸ்’ சஞ்சிகையின் டி.ஜே. வருமானப் பட்டியலில் முதலிடம் பெற்ற கல்வின் ஹரிஸின் ஆண்டு வருமானம் 6 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலர் என மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 31ஆந் திகதி, நீரிழிவு நோயின் விளைவால், 59ஆவது வயதில் நக்கிள்ஸ் சிக்காகோவிற் காலமானார். ஹரிஸ் ஈட்டியது குற்றம் என்பதன்று இங்குள்ள வாதம். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிவதில் தவறில்லை. நெல் வாடிக்கிடக்கப் புல் செழிக்கும் வாய்க்கால் யார் வெட்டியது என்பதே வினா. அவ்வாய்க்கால் நட்சத்திரங்களையும் வாழவைப்பதில்லை. சுவீடன் நாட்டு அவிசி, உடல்நலங் குன்றி 2016இல் மேடைப் பயணங்களை நிறுத்தி, 2018இல் 28ஆவது வயதில் மஸ்கட்டில் உயிர்நீத்தார். தனிமேதை என்ற சுமை எத்தகையது என்பதற்கு அவ்விளைஞரின் முடிவே போதிய விளக்கம்.

தனிமனித ஆற்றலுக்கு இடமே இல்லையா என்ற வினா இங்கு எழலாம். நக்கிள்ஸுக்கு நிகரான செவியும் பொறுமையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1998இல் அவர் பெற்ற கிறமி விருது அவ்வாற்றலுக்குரிய அங்கீகாரமே. ஆயின் அவ்வாற்றல் கூர்மையடைந்தது எங்கே? வாரந்தோறும் அவர் முன் ஆடிய மக்களின் உடலசைவே அவருக்குப் பள்ளியாகவும் பரீட்சையாகவும் அமைந்தது. கூட்டத்தை மறந்து மேதையைப் பேசுவது, வேரை மறந்து கனியைப் புகழ்வதாகும். மேதையை மறுத்துக் கூட்டத்தை மட்டும் பேசுவது, கனியே இல்லை என்பதாகும். இவ்விரண்டின் இயங்கியல் உறவைக் காண்பதே விமர்சனத்தின் கடமை.

2004இல் ஜெபர்சன் வீதியின் ஒரு பகுதிக்கு நக்கிள்ஸின் பெயர் சூட்டப்பட்டது. 2023இல் வெயார்ஹவுஸ் கட்டிடம் சிக்காகோ மாநகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சுவரைக் காப்பது எளிது. சுவருக்குள் ஆடியோரின் உரிமையைக் காப்பதே கடினம். மக்கள் கூடி ஆக்கிய கலையைப் பண்டிதர் கலையன்று எனத் தள்ளுவதும், சந்தை ஒருவனது எனப் பட்டயம் எழுதுவதும் ஒரே பறிப்பின் இரு கைகள். அக்கைகளை இனங்காட்டத் தவறும் ஆய்வு, எத்துணைப் புலமை வாய்ந்ததாயினும், அப்பறிப்புக்குச் சாட்சிக் கையொப்பம் இடுவதாகவே முடியும்.