டிராக்டர் ஓட்டுநரும் படித்தே தேற வேண்டும்

வயலில் நன்றாக உழத் தெரிந்தவர் சாலையிலும் நன்றாகவே ஓட்டுவார் என்ற எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றிவிட்டது. ஆகையால் பழகுநர் உரிமத்துக்கான தேர்வை டிராக்டர் ஓட்டுவோர் பலர் வெறும் சடங்காகவே கருதுகின்றனர். யாரிடமோ பணத்தைக் கட்டி, அவர் காட்டும் விடையைக் கம்ப்யூட்டரில் தொட்டுவிட்டு வந்தால் போதும் என்று நினைப்போரும் உண்டு. இது உழவர்களுக்கு நன்மை தரும் வழக்கம் அல்ல.

கொட்டகையிலிருந்து வயலுக்குப் போகும் வழியில் பொதுச் சாலை சிறிது தூரம் குறுக்கிட்டாலும் உரிமம் கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 7,500 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள டிராக்டர் இலகுரக மோட்டார் வாகனமே ஆகும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பாத பையன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும். பள்ளி விடுமுறையில் மகனை டிராக்டரில் ஏற்றிவிட்டுப் பெருமைப்படும் தகப்பனார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டியால் விபத்து நேர்ந்தால், நட்டஈட்டை முதலில் காப்பீட்டு நிறுவனம் கட்டி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. பிரீமியம் தவறாமல் கட்டியவரும் நிலத்தை விற்றுக் கடனடைக்க நேரிடும்.

தேர்வு கடினமானதன்று. நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாக இருந்தால் தேறிவிடலாம். சாலைக் குறியீடுகளை வடிவத்தை வைத்தே கற்கலாம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீள்சதுரம் என்றால் தகவல். எட்டு மூலையுள்ளது நிற்கச் சொல்வது. தலைகீழ் முக்கோணம் எதிரே செல்வோருக்கு வழிவிடச் சொல்வது. வரப்புச் சரிவிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் டிராக்டர்காரருக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் வீட்டில் பள்ளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு, மாலையில் பத்துப் பத்துக் குறியீடாகக் கற்றுவிடலாம்.

ஆனால் தேர்வுக்கென விதியில் சொல்லப்பட்டுள்ள பாடப்பகுதிகளில் டிராக்டருக்கென்று தனி இடம் இல்லை. இது பெருங்குறை. டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரேக் மிதி தனித்தனியே இருப்பது வயலில் தலைமாட்டில் திருப்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரு மிதிகளையும் கொக்கியால் இணைக்காவிட்டால், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். கரும்பு ஏற்றிய டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லையென்றால், இருட்டில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது கண்ணில் படாது. சேற்று உழவு முடிந்ததும் கேஜ் வீலைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஏற்றுவதும் தவறே. (சாலையில் நெல் காயப்போடுவோரையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டியிருக்கும்.)

டெல்டாப் பகுதியில் சம்பா அறுவடை ஓய்ந்த பங்குனி மாதம் படிப்புக்கு ஏற்றது. பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். பெற்ற 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். குறுவை உழவுக்கு முன் உரிமம் கைக்கு வந்துவிடும். பழகும் காலத்தில் உரிமம் உள்ளவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. டிராக்டரிலோ இருக்கை ஒன்றுதான்; மட்கார்டில் உட்காருவது உயிருக்கு ஆபத்து. எனவே முதலில் தரிசு நிலத்தில் ஓட்டிப் பழகுவதே உத்தமம்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் பயிற்சியில் அரை நாளைச் சாலை விதிகளுக்கு ஒதுக்க வேண்டும். டிராக்டருக்கு விண்ணப்பிப்போரிடம் பிரேக் கொக்கி, டிரெய்லர் விளக்கு பற்றி இரண்டு கேள்விகளையாவது தேர்வில் கேட்கப் போக்குவரத்துத் துறையும் ஆவன செய்யலாம்.