பெயர்ப்பலகையை நம்பும் சந்தை

குறைந்த விலைக் கார்களைப் பற்றி இந்தியாவில் உறுதிபடச் சொல்லப்படும் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. 'இந்த நிறுவனத்தின் வண்டி பழுதாகாது', 'அந்த நிறுவனத்தின் வண்டி பணிமனையிலேயே கிடக்கும்' என்னும் வாக்கியங்கள் தேநீர்க் கடையிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன. புள்ளியியலும் ஆய்வு நெறியும் கற்பிப்போர்கூடக் கார் வாங்கும் நாளில் மைத்துனர் ஒருவரின் அனுபவத்தையே போதிய சான்றாகக் கொள்கின்றனர். இவற்றை அறிவு என்று அழைப்பதற்கில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஓடிய வண்டிகளைப் பற்றிய நினைவு, இன்று விற்கப்படும் வண்டியின் மீது ஒட்டப்படுகிறது, அவ்வளவே.

இதற்குச் சிறந்த சான்று ஓர் எஞ்சின். ஃபியட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் அது. சுசுகி அதை உரிமம் பெற்று மானேசரில் தயாரித்தது. 2007இல் மாருதி ஸ்விஃப்டில் அது வந்தது. புணேவுக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவில் ஃபியட்டும் டாடாவும் கூட்டாக நடத்திய ஆலையிலிருந்து இண்டிகா விஸ்டாவுக்கும், ஃபியட் லீனியா, புன்டோ கார்களுக்கும் அதே எஞ்சின் சென்றது. சிறு மாற்றங்களைத் தவிர்த்தால் வடிவமைப்பு ஒன்றே. ஆயினும் சந்தை அதற்கு மூன்று குணங்களைக் கற்பித்தது. மாருதியில் அது என்றும் உழைக்கும் எஞ்சின். டாடாவில் வாடகை வண்டிக்கு ஆகும் எஞ்சின். அதை வடிவமைத்த ஃபியட்டின் காரிலோ, வாங்கினால் விற்க முடியாது என்னும் எச்சரிக்கை.

வேறுபாடு எங்கே இருந்தது? பணிமனைகளின் எண்ணிக்கையிலும், உதிரிபாகம் வந்து சேரும் வேகத்திலும், சிற்றூர் மெக்கானிக்கின் பழக்கத்திலும் இருந்தது. 'நம்பகம்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு அளவைகள் கலந்து கிடக்கின்றன. வண்டி எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் எத்தனை நாளில், எவ்வளவு செலவில் சரியாகிறது என்பது மற்றொன்று. முதலாவது பொறியியலைச் சார்ந்தது. இரண்டாவது விற்பனைப் பிந்தைய சேவையைச் சார்ந்தது. இரண்டையும் பிரிக்காமல் பேசுவோர், சேவை மையம் அருகில் இருப்பதை எஞ்சினின் பண்பாக எண்ணிவிடுகின்றனர்.

2019இல் இன்னொரு சோதனை தானாகவே நிகழ்ந்தது. மாருதியின் பலேனோ, பெயர் மாற்றம் பெற்று டொயோட்டா கிளான்சா என்று விற்பனைக்கு வந்தது. இரண்டும் குஜராத்தில் சுசுகியின் ஆலையில் உருவானவை. டொயோட்டா அதற்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தந்தது. மாருதியின் வழக்கமான உத்தரவாதம் அப்போது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். உலோகம் ஒன்று, ஆலை ஒன்று, வாக்குறுதி மட்டும் இரண்டு. மாருதி தன் உத்தரவாதத்தை 3 ஆண்டாக உயர்த்தியது 2024இல்தான். நற்பெயர் மிகுந்த நிறுவனத்துக்கு நீண்ட உத்தரவாதம் தரும் நெருக்கடி அதுவரை எழவில்லை. மக்களின் நம்பிக்கையே உத்தரவாதத்தின் வேலையைச் செலவின்றிச் செய்துகொண்டிருந்தது.

அவப்பெயர் உள்ள நிறுவனம் இதற்கு நேர்மாறாக நடக்க நேர்கிறது. ஹூண்டாய் 1986இல் எக்செல் என்னும் மலிவுக் காருடன் அமெரிக்காவில் நுழைந்தது. 4,995 டாலர் விலைக்கு அந்த ஆண்டில் 1,60,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. பழுதுகள் பெருகவே அப்பெயர் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களின் கேலிப்பொருளாயிற்று. மீள்வதற்காக 1998இல் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அறிவித்தது. 2004இல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வில் ஹோண்டாவுக்கு இணையான இடம் கிடைத்தது. கதை அத்துடன் முடிந்திருந்தால் அறநெறிக் கதையாகியிருக்கும். ஆனால் நற்பெயர் நிலைபெற்ற பின்னரே தீட்டா 2 வகை எஞ்சின்கள் பழுதாகத் தொடங்கின. அவற்றைத் திரும்பப் பெறுவதில் தாமதம் காட்டியதற்காக, ஹூண்டாயும் கியாவும் மொத்தம் 21 கோடி டாலர் அபராதப் பொறுப்பை 2020இல் ஏற்றன. அவப்பெயர் நீங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நற்பெயரோ அது மறைத்த குறைகளைவிட நெடுங்காலம் வாழ்ந்தது.

இந்தியாவில் டாடா இதே பாதையை வேறு வேகத்தில் கடந்தது. 1998 இறுதியில் அறிமுகமான இண்டிகாவின் முதல் வண்டிகள் குறைகளால் பெயர் கெட்டன. திருத்தப்பட்ட வி2 வடிவம் 2001இல் வந்தபின் குறைகள் பெரிதும் நீங்கின. முதல் தீர்ப்பு நீங்கவில்லை. 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றதும் காற்றின் திசை மாறியது. ஆனால் அந்த நட்சத்திரங்கள் விபத்தில் பயணியின் உடல் எவ்வளவு காக்கப்படுகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 2014இல் இதே அமைப்பின் சோதனையில் ஆல்ட்டோ 800 ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன் 'நம்பகமான வண்டி' என்னும் பெயர் அதனால் குறையவுமில்லை. பாதுகாப்பும் நம்பகமும் வெவ்வேறு என்பதை அறியாமல், ஒன்றின் சான்றிதழை மற்றொன்றுக்கு நீட்டுவது பிழை.

இவ்விடத்தில் 'பண்பாட்டு' விளக்கம் ஒன்று தலைகாட்டும். ஜப்பானியரின் ஒழுக்கமே தரம், இந்தியரின் அலட்சியமே பழுது என்னும் வாதம் அது. கருத்தரங்குகளிலும் அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையின் வரலாறு இவ்வாதத்தைத் தகர்க்கிறது. தரக்குறைவுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் பேர்போன அந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. டொயோட்டாவுடன் கூட்டாக 1984இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பணிக்கு வந்தோருள் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. மாறியது உற்பத்தி முறையும் நிர்வாகமும்; தரம் உயர்ந்தது. இனக்குணம் என்று எண்ணப்பட்டது மேலாண்மையின் விளைவாக இருந்தது.

சந்தையே காலப்போக்கில் உண்மையைக் கண்டறியும் என்பது அடுத்த வாதம். தகவல் சமமின்மை சந்தையை எப்படிக் குலைக்கிறது என்று விளக்க, ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். வகுப்பறையில் அக்கட்டுரையைக் கற்பித்துவிட்டு வாசலில் சந்தையின் தீர்ப்பை வேதமாக்குவது முரண். சந்தை கண்டறியும் 'காலப்போக்கு' யாருடைய செலவில் கழிகிறது என்பதே கேள்வி. ஏழாண்டுத் தவணையில் முதல் கார் வாங்கும் குடும்பமும், கடன் வாங்கி வாடகை வண்டி ஓட்டும் ஓட்டுநரும் அச்செலவை ஏற்கின்றனர். வசதியுள்ளவர் பழுதான வண்டியை விற்றுவிட்டு நகர்கிறார். வசதியற்றவருக்கு அந்தத் தவறு வட்டியோடு நீள்கிறது.

தீர்வு கற்பனைக்கு எட்டாததன்று. ஜெர்மனியில் கட்டாய ஆய்வுகளில் தெரியவரும் குறைகள் கார் மாதிரி வாரியாகவும் வயது வாரியாகவும் தொகுக்கப்பட்டு, ஆண்டுதோறும் ட்யூஃப் அறிக்கையாக வெளியாகின்றன. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்குரிய ஆண்டுச் சோதனையின் முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. இந்தியாவிலோ சொந்தப் பயன்பாட்டுக் காருக்குத் தகுதிச் சோதனை வருவது 15 ஆண்டுக்குப் பின். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110அ பிரிவு கார்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. ஆனால் அது சுற்றுச்சூழலுக்கோ சாலையில் இருப்போருக்கோ தீங்கு தரும் குறைகளுக்கே உரியது. ஆண்டுக்கு இருமுறை பணிமனைக்கு இழுக்கும் கியர் பெட்டி அதன் வரம்புக்குள் வராது.

வாடகை வண்டிகள் முதல் 8 ஆண்டுகளில் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுகின்றன. அந்தச் சோதனைகளில் எந்த மாதிரி, எந்த வயதில், எந்தக் குறையால் தவறுகிறது என்பதை உரிமையாளரின் அடையாளம் நீக்கி வெளியிடுவது அரசின் கடமை. உத்தரவாதக் காலத்தில் மாற்றப்பட்ட பாகங்களின் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கிறது. அதை வெளியிடச் செய்யும் விதி வேண்டும். இத்தரவுகளைக் கோருவதும் வந்தபின் ஆராய்வதும் பல்கலைக்கழகங்களின் வேலை. விற்பனை எண்ணிக்கையை வைத்தும் 'பிராண்டு விசுவாசம்' பற்றிய வினாத்தாள்களை வைத்தும் ஆய்வேடுகள் எழுதிக் குவிப்பது, வதந்தியை அட்டவணையாக்கும் வேலையே.

பெயர் கெட்ட நிறுவனம் திருந்தினால் அதை உடனே அறியவும், பெயர் பெற்ற நிறுவனம் சறுக்கினால் அதையும் உடனே அறியவும் வாங்குவோருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை கிட்டும்வரை, 'நம்பகமான நிறுவனம்' என்று உறுதியாகச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் எந்த ஆண்டின் வண்டி, எத்தனை வண்டிகள், யாருடைய கணக்கு என்று கேட்கும் பழக்கமாவது கல்வி கற்றவர்களிடம் தொடங்க வேண்டும்.