வேருக்குத் திரும்பும் ராக் இசை: வேர் யாருடையது, வருவாய் யாருடையது?

2023 அக்டோபரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வெளியிட்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' இசைத்தொகுப்பின் கடைசிப் பாடல் அக்குழுவினர் எழுதியதன்று. மிசிசிப்பி மாநிலப் பருத்தித் தோட்டமொன்றில் உழைத்து, 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினக் கலைஞர் மட்டி வாட்டர்ஸ் 1950இல் பதிவுசெய்த பாடல் அது. 1962இல் லண்டனில் தொடங்கிய இக்குழு, தன் பெயரையே அந்தப் பாடலின் தலைப்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. பெயரைத் தந்த பாடல் அக்குழுவின் தொகுப்பில் இடம்பெற அறுபத்தொரு ஆண்டுகள் ஆயின.

இதற்கு முன்னோட்டமாக அமைந்தது 2016 டிசம்பரில் வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்'. பதினோராண்டு இடைவெளிக்குப் பின் வந்த அத்தொகுப்பின் 12 பாடல்களில் ஒன்றுகூட மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதியதன்று. லிட்டில் வால்ட்டர், ஹவ்லின் வுல்ஃப், ஜிம்மி ரீட், மேஜிக் சாம், வில்லி டிக்சன் எனக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை லண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மூன்றே நாள்களில் பதிவுசெய்தார்கள். பிரிட்டனில் அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 2018இல் சிறந்த மரபு ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. 'வேருக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று விமர்சகர்கள் மகிழ்ந்தார்கள்.

அந்த இசையின் தரத்தில் நமக்கு ஐயமில்லை. எழுபது வயதையொட்டிய கலைஞர்கள் தாங்கள் இளமையில் கற்ற பாடத்தை மீண்டும் வாசிப்பதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. ஆனால், 'வேர்' என்ற சொல் மரத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. அந்த வேர் யாருடைய நிலத்தில் ஓடியது, அந்த நிலத்தில் விளைந்ததை யார் அறுத்துக்கொண்டு போனார்கள் என்ற கேள்விகளை அது மறைத்துவிடுகிறது. உழைப்பும் கலையும் ஒருசேரக் களவாடப்பட்ட மக்களின் வரலாற்றிலிருந்து வரும் நாம் அக்கேள்விகளைத்தான் கேட்டாக வேண்டும்.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

ப்ளூஸ் இசை, அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்பும் விடுதலை பெறாத மக்களிடையே பிறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதையும் உணவும் தோட்ட முதலாளியின் கடையில் கடனாகக் கிடைத்தன. அறுவடை முடிந்ததும் முதலாளி கணக்குப் பார்ப்பார். உழைத்தவருக்கே கடன் மிஞ்சும். கணக்குப் புத்தகம் ஒருவர் கையில் மட்டுமே இருந்தது. பண்ணையாள் முறையும் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி முறையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கிலிருந்து தப்பி வடக்கே சிகாகோவுக்குச் சென்றவர்களுக்கு அங்கே இன்னொரு கணக்குப் புத்தகம் காத்திருந்தது. மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், வில்லி டிக்சன் ஆகியோர் செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திற்குப் பாடினார்கள், எழுதினார்கள். பாடல்களின் பதிப்புரிமை அந்நிறுவனத்தோடு தொடர்புடைய ஆர்க் மியூசிக் என்ற வெளியீட்டு நிறுவனத்திடம் சென்றது. எத்தனை இசைத்தட்டுகள் விற்றன, வானொலியில் எத்தனை முறை ஒலிபரப்பாகின, வேறு யார் அதைப் பாடினார்கள் என்பதையெல்லாம் அறியும் வழி கலைஞரிடம் இல்லை.

1964 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய வில்லி டிக்சனின் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் அக்குழு சிகாகோவிலிருந்த செஸ் கூடத்துக்கே சென்று பாடல்களைப் பதிவுசெய்தது. பாடல் கடல் கடந்து புகழ்பெற்றது உண்மை. அந்தப் புகழில் தமக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அறிய, டிக்சனும் மட்டி வாட்டர்சும் 1970களில் ஆர்க் மியூசிக் மீதே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்ததும் உண்மை. அவ்வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தன.

'மரபு' என்ற சொல் செய்யும் வேலை

ஒரு பாடலை உரியவரிடமிருந்து பிரிக்க மிக எளிய வழி, அதை 'மரபுப் பாடல்' என்று சொல்லிவிடுவது. மரபுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததற்கு ராயல்டி இல்லை.

ராபர்ட் ஜான்சன் இதற்குப் பெருஞ்சான்று. 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவுசெய்துவிட்டு, 1938இல் தம் 27ஆம் வயதில் அவர் இறந்துபோனார். அவருடைய 'லவ் இன் வெய்ன்' பாடலை 1969இலும் 'ஸ்டாப் பிரேக்கிங் டவுன்' பாடலை 1972இலும் ரோலிங் ஸ்டோன்ஸ் வெளியிட்டது. இரண்டிலும் ஆசிரியராக ஜான்சனின் பெயர் தொடக்கத்தில் இல்லை. அக்குழுவின் பழைய பாடல்களுக்கு உரிமை கொண்டிருந்த ஆப்கோ நிறுவனம், பின்னாளில் ஜான்சனின் வாரிசுகள் சார்பில் உரிமை கோரியவருக்கு எதிராக நீதிமன்றத்தில் வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. 1930களிலேயே ஜான்சனின் இசைத்தட்டுகள் விற்கப்பட்டுவிட்டன. அன்றைய சட்டம் கேட்ட உரிமை அறிவிப்பு அவற்றில் இல்லை. ஆகவே பாடல்கள் எவருக்கும் உரிமையற்ற பொதுச் சொத்தாகிவிட்டன என்பதே அந்த வாதம்.

அப்படியொரு வாதம் ஏற்கப்படும் சூழலும் இருந்தது. ஜான் லீ ஹூக்கரின் பாடல் ஒன்றைத் தழுவியதாக ஸீஸீ டாப் என்ற ராக் குழுவின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், இசைத்தட்டை விற்பதே பாடலை வெளியிடுவதாகும் என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் கூறியிருந்தது. பழைய ப்ளூஸ் பாடல்கள் பலவும் ஒரே தீர்ப்பால் உரிமையாளரை இழக்கும் ஆபத்து எழுந்தது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: 1978க்கு முந்தைய இசைத்தட்டு விற்பனை, பாடலை வெளியிட்டதாகக் கொள்ளப்படாது. அத்திருத்தத்தின் அடிப்படையில் 2000ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் ஆப்கோவின் வாதத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டில், சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்துவந்த ஜான்சனின் மகனே சட்டப்படியான வாரிசு என்பதை மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தந்தை இறந்து 62 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த வழக்கில் அடங்கியுள்ள பாடம் எளியது. கறுப்பினக் கலைஞர் தம் பாடலுக்குச் சட்டம் கேட்ட ஆவணத்தை இணைக்கவில்லை. இணைக்கும் வாய்ப்பும் அவருக்கு வழங்கப்படவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட அதே குறைபாடு, பின்னர் உரிமை மறுப்பதற்கான காரணமாகக் காட்டப்பட்டது. பட்டா இல்லை என்பதற்காகப் பஞ்சமி நிலத்தில் உழுதவரை வெளியேற்றும் தர்க்கமும் இதுவே.

ஒருவழிப் பாதை

'மரபு எல்லோருக்கும் பொது' என்ற கொள்கை எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதுமில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'தி லாஸ்ட் டைம்' பாடல், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பக் குழு 1950களில் பாடிய தேவாலயப் பாடலிலிருந்து ஊக்கம் பெற்றது. கீத் ரிச்சர்ட்ஸே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால், பாடலின் ஆசிரியர்களாகப் பதிவானவர்கள் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டுமே.

1997இல் தி வெர்வ் என்ற ஆங்கிலேய ராக் குழு 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபொனி' பாடலை வெளியிட்டது. 'தி லாஸ்ட் டைம்' பாடலுக்கு அமைக்கப்பட்ட வாத்திய வடிவத்தின் சிறு துணுக்கு அதில் பயன்பட்டிருந்தது. ஆப்கோ உரிமை கோரியது. விளைவு: தி வெர்வ் குழுவின் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் எழுதிய வரிகளுக்கும் சேர்த்து, பாடலின் வெளியீட்டு வருவாய் முழுவதும் கைமாறியது, ஆசிரியர்களாக ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள் இடம்பெற்றன. 22 ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் அவ்விருவரும் தங்கள் உரிமையை ஆஷ்கிராஃப்டிடம் திருப்பித் தந்தார்கள். அச்செயல் பாராட்டத்தக்கதே.

ஆயினும் இந்த வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். தேவாலயத்தில் பாடிய குடும்பத்திடமிருந்து ராக் குழுவுக்கு வந்தபோது அது மரபு. ராக் குழுவிடமிருந்து மற்றொரு ராக் குழுவுக்குச் சென்றபோது அதுவே சொத்து. பாடல் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் சட்டத் தகுதியும் மாறிவிடுகிறது.

மரியாதையும் உரிமையும்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை வெறும் களவாளிகளாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது, ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். ஜிம் க்ரோ சட்டங்கள் இன்னும் முற்றாக மறையாத நாட்டில், கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஒருவர் தேசியத் தொலைக்காட்சியில் பாட, கேட்டுப் பழகியவர்களாகக் காலடியில் அமர்ந்திருந்தவர்கள் அந்த வெள்ளை இளைஞர்கள். தங்கள் ஆசான்கள் யார் என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை.

ஆனால், மரியாதை தருபவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமை அப்படியன்று, தருபவர் விரும்பாவிட்டாலும் அது கிடைத்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் எழுதியவரின் பெயர் இருக்கிறது என்றால், அதற்கு இசைக்குழுவின் பண்பு மட்டும் காரணமன்று. வில்லி டிக்சன் போன்றோரின் போராட்டமும் காரணம். லெட் ஸெப்ளின் என்ற மற்றொரு பெரும் ராக் குழு தம் பாடலைத் தழுவியதாக 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. கலைஞர்கள் தங்கள் உரிமைகளை மீட்டெடுக்க உதவும் ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளையையும் அவர் 1980களில் நிறுவினார். கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள் முதலாளியிடம் இருந்த அதே பழைய செஸ் கட்டடத்தில் இன்று அந்த அறக்கட்டளை இயங்குகிறது.

நம் மண்ணில்

கறுப்பின மக்களின் போராட்டத்தோடு நமக்குள்ள உறவு புதிதன்று. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராத்திய இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பின்பற்றித் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனால் உழைப்பவரின் படைப்பைப் 'பொது' என்று பெயரிட்டு எடுத்துக்கொள்ளும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

மட்டி வாட்டர்ஸ் பாடலிலிருந்து பெயர் பெற்ற இன்னொன்று, 'ரோலிங் ஸ்டோன்' இதழ். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடல் வெளியானது. வரிகளை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்விதழின் இந்தியப் பதிப்பு தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் வெளியிட்டது. அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்கெனத் தனி இணைய அட்டை வந்தது. 2022இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அப்பாடல் பாடப்பட்டது. அதன்பின் பாடலின் ஆக்கத்தில் தம் பங்கு குறித்து அறிவும், இசையமைப்பு தம்முடையது என்று சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் விளக்கம் அளித்தார்கள். இருதரப்பில் யார் சரி என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் நினைவைச் சுமந்து வந்த ஒரு பாடலில், எவர் பங்கு எவ்வளவு என்ற கேள்வி, பாடல் உலகப் புகழ் பெற்ற பிறகு பொதுவெளியில் விவாதிக்கப்பட வேண்டியதாயிற்று என்பதே நம் கவலை.

இந்தக் கவலைக்குச் சட்டத்தில் ஓரளவு மருந்து உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்பும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமையை ஆசிரியருக்கு வழங்குகிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆவது பிரிவு; காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே அது பொருள்கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாடலின் கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை நிறுவனத்திடம் விட்டுக்கொடுக்கவே முடியாது. பாடியவருக்கும் பறை இசைத்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமைகள் தனியே உண்டு.

போதாமையும் உண்டு. ஒரு சமூகம் தலைமுறைகளாகக் காத்துவந்த ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் பறையின் அடவுக்கும் இச்சட்டத்தில் சமூக உரிமை என்று எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவை யாருடையதுமல்ல. எடுத்துப் பதிவுசெய்பவருக்கு மட்டும் புதிதாக உரிமை பிறக்கிறது. 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒற்றைக் குறிப்பு இங்கே 'மரபு' செய்த வேலையைச் செய்கிறது.

ஆகவே, கல்லூரிகளிலும் இயக்கங்களிலும் இருக்கும் தோழர்களுக்குச் சில பணிகள் உள்ளன. களத்தில் ஒரு பாடலைப் பதிவுசெய்யும்போது பாடியவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவிலேயே சேருங்கள். அவருடைய ஒப்புதலையும் அவர் மொழியிலேயே பெறுங்கள். கானா, ராப் கலைஞர்கள் ஒத்திகைக்கு முன்பே எவர் என்ன செய்தார் என்பதை எழுதிக் கையொப்பமிடட்டும். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு முதல்நிலைச் சான்றாகும். எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினராகட்டும். சமூகங்களின் கூட்டுப் படைப்புரிமையை ஏற்கும் சட்டத் திருத்தத்தை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.

நாளை தமிழகத்திலும் ஏதேனும் ஒரு பெருங்குழு பறைக்கும் ஒப்பாரிக்கும் 'திரும்பும்'. அதை நாம் வரவேற்போம். வரும்போது பாடியவரின் பெயரையும் கணக்கையும் கொண்டுவர வேண்டும் என்று கேட்பதற்கான ஆவணம் அன்று நம் கையில் இருக்க வேண்டும்.